நிறுவைக்காரியின் நோட்டு

லாபிஸ் செம்பனை ஆலையில்
லோரிகளை எடை போடுவது என் வேலை.
குலையோடு ஒருமுறை,
குலையை இறக்கிவிட்டு ஒருமுறை.
கழித்தால் வருவதுதான் பேச்சு.
மற்றதெல்லாம் லோரிக்காரன் வாய்.

சீனப் பெருநாள் முடிந்த வாரம்
என் வாஜா நடுங்க ஆரம்பித்தது.
கடைத்தெரு சிவப்பு விளக்கில் நின்றால்
குளிர்காய்ச்சல்காரன் மாதிரி உதறும்,
கண்ணாடியில் தொங்கும் குட்டி வேல் கிணுகிணுக்கும்.

"எஞ்சினுக்குள் கரி, அண்ணி" என்றார்
கொழுந்தன் சந்திரபோஸ்.
"தொண்ணூற்றேழு ஊற்றுங்கள், உள்ளே கழுவிவிடும்.
கூட இதையும்."
நீலப் புட்டி. முப்பத்தெட்டு வெள்ளி.
உறவுக்கு முப்பத்தைந்து.
தோட்டக் கம்பெனி கணக்கு முடித்து அனுப்பியதிலிருந்து
அவர் விற்காத பொருள் இல்லை:
நோனிச் சாறு, காந்த வளையல்,
இப்போது இது.

ஊற்றினேன்.
மஞ்சள் குழாயை விட்டு நான் அடுத்ததைத் தூக்கியபோது
எண்ணெய் நிலையத்து ரோஹானா
புருவத்தைத் தூக்கினாள்:
"அக்கா, நாலு நம்பர் விழுந்ததா?"

ஆனால் நான் நிறுவைக்காரி.
நோட்டு போட்டேன்.
முழுத் தொட்டி, ஓடிய தூரம், மறுபடி முழுத் தொட்டி.
தொண்ணூற்றைந்தில் லிட்டருக்குப் பதினொன்று புள்ளி ஆறு.
தொண்ணூற்றேழில் பதினொன்று புள்ளி ஆறு.
புட்டியோடு, பதினொன்று புள்ளி ஏழு.
அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்கு
நெடுஞ்சாலையில் மலாக்கா போய் வந்தேன்.
அந்தப் புள்ளியைப் புட்டிக்குக் கொடுக்க
மனம் வரவில்லை.
நடுக்கம் எந்த எண்ணுக்கும் இறங்கவில்லை.

லியோங் பட்டறையில்,
அவருக்கும் எனக்கும் பொதுவான உடைந்த மலாயில்,
நோட்டைக் காட்டினேன்.
சிரிக்கவில்லை. இரண்டு பக்கம் படித்தார்.

"நம்பர் பெரிசானால் சுத்தம் என்று யார் சொன்னது?
அது எண்ணெயின் பொறுமைக்கு நம்பர்.
எவ்வளவு நெருக்கினாலும்
பொறி வரும் முன்னே வெடித்துவிடாது, அவ்வளவுதான்.
உன் காடி யாரையும் அவ்வளவு நெருக்குவதில்லை.
சவர்க்காரம் வேறு சங்கதி.
அது மஞ்சள் குழாயிலும் கொஞ்சம் வரும்."

அப்போ புட்டி?

"ஊசித் துளையைக் கழுவியிருக்கலாம்.
கழுவாமலும் இருக்கலாம்.
நான் என்ன உள்ளே போய்ப் பார்த்தேனா?"

பிறகு காற்றுப் பெட்டியைத் திறந்தார்.

செம்பனை நார்.
கைப்பிடி கைப்பிடியாய், பந்து மாதிரி சுற்றி,
நடுவில் ஒரு குழி,
மெத்தை போட்டதுபோல.
கடித்துத் துப்பிய ஆரஞ்சுத் தோல்.
பக்கத்தில் விரல் தடிமனில் ஒரு ரப்பர்க் குழாய்,
அதில் வரிசையாய்ப் பல் தடம்.

நான் எடைபோட்ட குலையிலிருந்துதான்
எலி எடுத்துப் போயிருக்கிறது.
எட்டு மணி நேரம் ஆலை வாசலில் நிற்கும் காடி.
எந்தக் கழித்தலிலும் வராத நார்.

குழாய் ஆறு வெள்ளி. கூலி இருபது.
காற்று நுழையும் வாயைத் துணியால் துடைத்தார்,
துணி கறுத்தது.
"இந்தப் பக்கம் பெட்ரோல் வருவதே இல்லை.
தொட்டியில் என்ன ஊற்றி
இங்கே என்ன கழுவ?"

வேல் அசையாமல் தொங்கியது.

சனிக்கிழமை சந்திரபோஸ் வந்தார்,
காலர் தேய்ந்த அதே நிறுவனச் சட்டையோடு.
"இப்போ எப்படி ஓடுது, அண்ணி?"
"நல்லா ஓடுது."
பொய் இல்லை.
அதற்குள் அவர் முகம் எங்கேயோ போய்விட்டது,
பையிலிருந்து இரண்டு புட்டி
மேசைக்கு வந்துவிட்டது.

ஒன்றுக்குக் கொடுத்தேன். முப்பத்தெட்டு.
மூன்று வெள்ளியைத் திருப்பித் தர
சட்டைப்பையைத் தடவினார்,
நான் தேநீர் போட எழுந்துவிட்டேன்.

அந்தத் தொகையை நோட்டில் எங்கே எழுதுவது?
எண்ணெய்க்குக் கீழேயா, கூலிக்குக் கீழேயா?
கோடு போட்டு வைத்திருக்கிறேன்,
இன்னும் காலிதான்.

பானட்டுக்குள் பாச்சை உருண்டை
நாலு கட்டித் தொங்கவிட்டேன்.
ஏர்கோன் போட்டால்
காடி முழுக்கப் புடவை அலமாரி வாசம்.

இன்று காலை எண்ணினேன்.
மூன்றுதான் இருக்கிறது.