எட்டு நடை

விருதம்பட்டில் ஏறிய யாரோ
கடைசி சீட்டில் விட்டுப்போன இயற்பியல் கைடு.
முதல் பக்கத்தில் பெயர்: செ. யுவஸ்ரீ, பதினொன்று 'பி'.
மூன்று நாளாக என் தோல்பைக்குள்
சில்லறையோடு குலுங்கிக்கொண்டிருக்கிறது.

பாகாயத்தில் வண்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு
கஜேந்திரன் டீ குடிக்கிற பத்து நிமிடத்தில்
வாசிக்கிறேன்.
கடந்த பாதையின் மொத்த நீளம், தொலைவு.
கிளம்பிய இடத்துக்கும் சேர்ந்த இடத்துக்கும்
நேராகக் கோடு இழுத்தால், இடப்பெயர்ச்சி.

காட்பாடியிலிருந்து பாகாயம் பதினாலு கிலோமீட்டர்.
எட்டு நடை. நூற்றுப் பன்னிரண்டு.
ராத்திரி, கிளம்பின இடத்திலேயே வந்து நிற்போம்.
விடை: பூஜ்ஜியம்.

பத்தொன்பது வருஷ சர்வீஸ்.
இதைச் சொல்ல ஒரு புத்தகம் வேண்டியிருந்திருக்கிறது.

இதில் என் நடை சேரவில்லை.
டிரைவர் முதுகுக்கும் பின்படிக்கட்டுக்கும் நடுவே
தோள்களை விலக்கி விலக்கி நான் நடந்தது
எந்தக் கணக்கு?
வண்டி தெற்கே ஓட
நான் வடக்கே நடந்து டிக்கெட் கிழிக்கிறேன்.
பாலாற்றுப் பாலத்தில் டிராபிக் இறுகிவிட்டால்
அந்த நேரத்துக்கு
பாலத்தின் மேல் நகர்கிற ஒரே பொருள் நான்.

பாலத்துக்குக் கீழே
ஆறு ஓடவில்லை. மணல் ஓடிவிட்டது,
லாரி லாரியாக.
அதன் இடப்பெயர்ச்சிக்கு
யார் கோடு இழுப்பார்கள்?

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் ஏறுகிறவர்களில்
பாதிப் பேருக்கு ஊர் வங்காளம்.
எக்ஸ்ரே கவரை மடியில் படுக்கவைத்து
"ஸ்டேஷன், ஸ்டேஷன்" என்பார்கள்.
போன மாசம் இரண்டு டிக்கெட் வாங்கினவர்
நேற்று ஒன்று கேட்டார்.
வீடு போய்ச் சேர்ந்ததும் அவருக்கும்
பூஜ்ஜியம்தான் போடுமா இந்தக் கைடு?

பக்க ஓரத்தில் யுவஸ்ரீயின் கிறுக்கல்:
'தொலைவு குறையவே குறையாது. முக்கியம்.'
இரண்டு தடவை அடிக்கோடு.

ஏழாவது கேள்விக்கு மட்டும் விடை எழுதாமல் விட்டிருந்தாள்.
புறப்பட்ட புள்ளிக்கே ஒருவன் திரும்புகிறான்,
அவன் நகர்ந்தானா? காரணம் கூறு.
டிரிப் ஷீட் பென்சிலால் எழுதினேன்:
நகர்ந்தான்.
முழங்காலைக் கேட்கவும்.

இன்று காலை விருதம்பட்டில் ஒரு ரெட்டைச்சடை
ஏறியதும் ஏறாததுமாகக் கடைசி சீட்டுக்கடியில்
குனிந்து துழாவியது.
எடுத்து நீட்டினேன்.
தேங்க்ஸ்கூடச் சொல்லாமல் பிரித்து,
புரட்டி, ஒரு பக்கத்தில் நின்று,
என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

சரியா தப்பா என்று கேட்பதற்குள்
ராஜா தியேட்டர் ஸ்டாப் வந்து
இறங்கிவிட்டாள்.

படிக்கட்டில் யாரும் இல்லை.
ரைட்,
என்றேன்.