இரவல் நரம்பு

மருத்துவர் தாளில் ஒரு படம் போட்டார்.
கழுத்திலிருந்து ஐந்து வேர்.
வேர்கள் கூடி மூன்று தண்டு.
தண்டு பிளந்து, பின்னி, மூன்று வடம்.
வடத்திலிருந்து கிளைகள்
தோளுக்கு, முழங்கைக்கு, சுண்டுவிரல் நுனிக்கு.
"மரம் மாதிரி" என்றார்.
குணாளன் பதினோரு வருடம் செம்பனை அறுத்தவன்.
"எங்க மரத்துக்குக் கிளையே கிடையாது டாக்டர்."
கோலாலம்பூர் ஆஸ்பத்திரி ஏழாம் மாடியில்
அன்று சிரித்தது அவர் மட்டும்தான்.

மேல் வேர் இரண்டும்
முதுகுத் தண்டிலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன.
சுங்கை சிப்புட் சந்தை முச்சந்தியில்
மோட்டார் சறுக்கி
தலை ஒரு திசைக்கும் தோள் ஒரு திசைக்கும்
இழுபட்ட ஒரு நொடி.
எலும்பு முறியவில்லை.
தோளில் ஒரு சிராய்ப்பு,
அதற்கு மஞ்சள் மருந்து தடவியிருந்தார்கள்.

விரல்கள் அசையும். கரண்டியைப் பிடிக்கும்.
பிடித்த கரண்டி வாய்க்கு வராது,
வாய்தான் கரண்டிக்குப் போகவேண்டும்.
தட்டின்மேல் குனிந்து அவன் சாப்பிடுகையில்
நான் அடுப்பைத் துடைப்பேன்,
துடைத்த அடுப்பையே.

சொக்சோ பாரத்தில் எந்தக் கை என்று ஒரு கட்டம்.
வலது.
இழப்பு எத்தனை விழுக்காடு என்று இன்னொன்று.
முகப்பில் இருந்தவள் பேனாவை மூடிவைத்து
"அது அவங்க போடுவாங்க" என்றாள்.

எனக்குக் கைகளைத் தெரியும்.
கையுறைத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு.
ஒவ்வொன்றாய்க் காற்றடைத்து
விளக்குக்கு நேரே பிடித்து
ஊசிமுனை ஓட்டை தேடுவேன்.
ஒரு ஷிப்டுக்கு ஆயிரக்கணக்கில்
வெள்ளைக் கைகள் மூச்சு வாங்கி
ஐந்து விரலும் விறைத்து நிற்கும்,
உள்ளே யாருமில்லாமல்.
முடிந்ததும் வாசலில்
எங்கள் பைகளைக் கொட்டிப் பார்ப்பார்கள்.

அறுவை ஒன்பது மணி நேரம்.
விலா இடுக்கில் மூச்சுக்கென்று ஓடும் நரம்பில்
இரண்டை எடுத்து, அக்குள் வழியே திருப்பி,
புயத்துத் தசைக்குப் போகும் செத்த நரம்போடு தைத்தார்கள்.
படம் போடாமலே எனக்குப் புரிந்தது:
மீட்டர் வெட்டிய வீட்டுக்கு
பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுப்பது.
லயத்தில் யார்தான் செய்யவில்லை.

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளருமாம்.
காலையில் தேதி கிழிக்கும்போதெல்லாம்
ஒரு மில்லிமீட்டர் என்று சொல்லிக்கொள்வேன்.
தீபாவளிக்குப் பத்து சென்டிமீட்டர்.
சீனப் பெருநாளுக்கு இருபது.
கை தொங்கிக்கொண்டுதான் இருந்தது.
உட்காரும்போது அதை இடது கையால் எடுத்து
மடியில் வைத்துக்கொள்வான்,
யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன
குழந்தையைப் போல.

பங்குனியில் ஒரு மத்தியானம்
வறமிளகாய் வறுத்தேன்.
நெடி ஏறி இருமினான்.
முழங்கை மடங்கியது.
ஒரு விரற்கடைதான்.
"இன்னொரு தடவை இருமுங்க."
இருமினான். மடங்கியது.
இன்னும் நாலு மிளகாயைச் சட்டியில் போட்டேன்.
கதவு ஜன்னலெல்லாம் சாத்தி
கண்ணும் மூக்கும் ஒழுக
இருவரும் இருமிக்கொண்டே இருந்தோம்.
பக்கத்து வீட்டு ஆ ஹுவா
தீயென்று நினைத்து வாளியோடு வந்துவிட்டாள்.

"தாரிக் நாஃபாஸ், அங்காட்"
என்கிறாள் பயிற்சி தரும் ஹஸ்லினா.
மூச்சை இழு, தூக்கு.
இப்போது கோப்பை உதடுவரை வருகிறது.
பேசினால் கை தளும்பும் என்பதால்
டீ முடியும்வரை பேசமாட்டான்.
போகப்போக மூளை கற்றுக்கொள்ளுமாம்,
மூச்சு வேறு, கை வேறு என்று.
அதன்பிறகு நினைத்தால் போதும், எழும்.

பகல் ஷிப்ட் வாரங்களில்
ராத்திரி பக்கத்தில் படுத்திருக்கிறேன்.
இருட்டில் அவன் பெருமூச்சு இழுத்தால்
போர்வைக்குள் அந்தக் கை லேசாய் எழும்பி
என் விலாவில் இடிக்கிறது.
என்ன யோசனை என்கிறேன்.
ஒன்றுமில்லை என்கிறான்.
கை மெல்ல இறங்குகிறது.

ஹஸ்லினாவிடம் சொல்லவில்லை,
மூளை அதைக் கற்றுக்கொள்ள
இன்னும் கொஞ்ச நாள் ஆனாலும்
எனக்கு அவசரமில்லை.