அரைச் சிரட்டைத் தண்ணீர்

அப்புத்தளையில்
மூடுபனி எங்களுக்கு முன்னால் வேலைக்கு வந்துவிடும்.
கம்ப்ரசர் முதலில் குடிப்பது அதைத்தான்.

"எண்பதுக்கு மேல ஏத்தாத,
பலகை கிழியும்" என்பார் கருணாதாஸ பாஸ்.
நான் எழுபத்தைந்தில் வைப்பேன்.
இந்த ஈரத்தில் ப்ளைவுட்
தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட்.

சாரத்தில் மல்லாந்து
முகத்துக்கு நேரே
டக்.
நாலு விரல் தள்ளி
டக்.
ஓர் அறைக்கு எண்ணூறு பின்.
சுத்தியல் என்றால்
மூன்று நாளும் ஒரு தோள்பட்டையும் போயிருக்கும்.

செவ்வாய்க்கிழமை, என் பிழைதான்,
விசையில் விரலை வைத்தபடியே
ஏணி மாறினேன்.
இடது கட்டைவிரலுக்குள்
இரண்டு கால் பின் ஒன்று
வலி வருமுன்னே போய் உட்கார்ந்தது.
அருள்மேரி அக்கா குறட்டால் இழுத்தாள்.
"கத்து, கத்தினா நல்லது."
எனக்கோ சிரிப்பு வந்தது.

இப்போது இரண்டு புள்ளி,
பாம்பு கொத்தியது மாதிரி.
அன்றிலிருந்து என் போன்
என்னை யாரோ என்கிறது.
விரல் வைத்தால் உதறுகிறது,
மறுபடி வை என்கிறது,
மறுபடியும் உதறுகிறது.

ஐந்து மணிக்கு ஹோஸைக் கழற்றி
தொட்டியின் அடித்திருகைத் திறப்பேன்.
சீறிக்கொண்டு வரும்
துருநிறத் தண்ணீர்,
அரைச் சிரட்டை இருக்கும்.
காலையில் பள்ளத்தாக்கை மறைத்திருந்ததில்
எங்கள் பங்கு.
மேலே பலகைக்குள்
எண்ணூறு தடவை இறங்கியதும்
இதன் மூச்சுத்தான்.

தண்ணீர் தீர்ந்தும்
கொஞ்ச நேரம் ஊதிக்கொண்டிருக்கிறது ஓட்டை.
பஸ்ஸுக்கு நேரமாச்சா என்று பார்க்க
போனை எடுக்கிறேன்.
விரல் வேண்டாம்.
பிறந்த வருடத்தை அழுத்தி
உள்ளே போகிறேன்.