கடைசி வடிசல்

ஏலத்துக்குப் போனது செம்புக் கொப்பரைக்காக.
கோத்தகிரியில், கேத்தரின் அருவிக்கு இறங்கும் வழியில்
ஆறு வருஷமாய்ப் பூட்டிக் கிடந்த பங்களா.
கொப்பரையைத் தனியாகத் தரமாட்டேன் என்றான் ஏலக்காரன்.
முள் இல்லாத தராசு, பல் போன சீப்பு,
பூனைப் படம் போட்ட பிஸ்கட் டின்,
எல்லாம் சேர்த்து ஒரே லாட்.
நாலாயிரத்து இருநூறுக்குத் தலையாட்டினேன்.

டின்னுக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் புட்டி.
அடியில் விரல் கனம் திரவம்,
பிளேன்டீ நிறத்தில்
(அப்பா கண்டியிலிருந்து கொண்டுவந்தவற்றில்
உடையாமல் வந்து சேர்ந்த சொல் அது).
லேபிளில் ஊதாக் கொத்து.
எழுத்துக் கூட்டினேன்: லை, லா, க்.

பத்தொன்பது வருஷம்
தைல அடுப்படியில் நின்ற மூக்கு என்னுடையது.
எந்தச் சரிவில் வெட்டிய இலை,
மழைக்கு முன்னா பின்னா,
எவன் டிரம்மில் டர்பன்டைன் கலந்தான்,
எல்லாம் சொல்லும்.
வீட்டில் குழம்பு அடிப்பிடிப்பதை மட்டும் சொல்லாது.

இறுகிய மூடியை வெந்நீர்த் துணி சுற்றித் திருகினேன்.

முதலில் வந்தது பூ இல்லை.
நகப்பூச்சு அழிக்கிற நெடி, புளித்த காடி.
கிழட்டுச் சாராயம் வாசலில் நின்று வைதது.
வைது முடிக்கட்டும் என்று விட்டேன்.
பிறகு ஈரத் தண்டு.
மார்க்கெட்டில் விடியுமுன் கேரட்டுத் தழையை முறிப்பார்களே,
அந்தச் சத்தம், வாசனையாக.
அப்புறம் மெல்ல மாவு:
பாதாம், வெனிலா,
பவுடர் டப்பாவைத் தட்டியதும் எழும்பும் மேகம்.
அதற்கும் அடியில்
ஓர் அழுக்கு.
ராத்திரி சூடிய மல்லி தலையணையில் நசுங்கி
விடிந்தபின் வீசுவது,
அந்துருண்டைக்கும் உடம்புக்கும் நடுவில் எங்கோ.
அந்த அழுக்கு இருந்ததால்தான்
பூ என்று நம்பினேன்.

மறுநாள் மணிக்கட்டில் ஒரு சொட்டோடு வேலைக்குப் போனேன்.
"ஆஸ்பத்திரித் தரை" என்றாள் சகாயராணி,
பிரசவத்துக்குப் போய்ப் பதினாறு நாள் கிடந்தவள்.
"துவைச்ச சட்டை" என்றான் பெள்ளி.
இலை லாரி ஓட்டும் ஹம்சா
தள்ளி நின்றே மோந்துவிட்டு
"யாருக்குக் கல்யாணம்?" என்றான்.
ஒருவரும் லைலாக்கைப் பார்த்ததில்லை.
நானும்தான்.

தைலம் சோதிக்கக் குன்னூரிலிருந்து வரும் நஸீமா
காகிதக் கீற்றை நனைத்து
வெகுநேரம் மூக்கருகில் ஆட்டினாள்.
"இந்தப் பூ எண்ணெய் தராது அக்கா.
வேகவைத்தாலும் பிழிந்தாலும்
வாயே திறக்காது. ஊமை."
அப்போ இது?
"பொய். கெட்டிக்காரப் பொய்.
அது இது என்று பத்துச் சரக்கு சேர்த்து
யாரோ ஞாபகத்திலிருந்து கட்டியது.
அதில் ஒன்று
உங்கள் அடுப்பிலேயே இருக்கு, துளியூண்டு.
கடைசியில் வரும்."

கடைசியில் வருவதை நாங்கள் பிடிப்பதில்லை.
முதல் வடிசல் தொண்டையைத் திறக்கும், கண்ணைக் கரிக்கும்,
கிலோவுக்கு விலை பேசும்.
கடைசி வடிசல் தரையோடு போகும்.

அன்று நெருப்பு அடங்கும்வரை நின்றேன்.
குழாய் நுனியில் சொட்டுக்குச் சொட்டு
சோம்பல்.
உள்ளங்கையில் ஏந்தித் தேய்த்து
காரம் பறக்கட்டும் என்று நூறு எண்ணினேன்.
எழுபதில் பெள்ளி ஏதோ கேட்டான்.
மறுபடி ஒன்றிலிருந்து.

இருந்தது.
சோப்பு, ஈரம், ஊதா.
ஊதா என்பது வாசனை இல்லை, தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பங்களா வாட்ச்மேனைப் பார்த்தேன்.
மிஸ் விவியன் மூன்று தரம் அந்தச் செடியை
வரவழைத்து நட்டாராம்.
இலை விட்டது. மொட்டு வைக்கவில்லை.
நம்ம பனி அதுக்குப் போதாதாம்.
"சாயந்திரம் ஆனா ஜன்னலெல்லாம் அடைச்சிரும் அந்தம்மா.
தைல மர நாத்தம்
ஆகவே ஆகாது அதுக்கு."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கொப்பரை நன்றாக உழைக்கிறது.
புட்டியில் இன்னும் நாலு சொட்டு.