மொய் ஒரு தடவை

ராயபுரத்தில் கரண்ட் போன ராத்திரி
கைபேசி வெளிச்சத்தில்
பிலோமி எனக்கு வணக்கம் சொன்னாள்:
மொய்.

யாருக்குக் கல்யாணம் என்றேன்.
எவ்வளவு எழுதணும்,
நூத்தியொண்ணா, ஐந்நூத்தியொண்ணா?
அடிக்க வந்தாள்.
பின்லாந்தில் மொய் என்றால் வணக்கமாம்.
அதையே ரெண்டு தடவை சொன்னால்,
மொய் மொய்,
கிளம்பிவிட்டேன் என்று அர்த்தமாம்.
ஹெய் என்றால் ஆள் உள்ளே வருகிறது.
ஹெய் ஹெய் என்றால் செருப்பைத் தேடுகிறது.

ஸ்டான்லியில் பகல் டியூட்டி முடித்து
பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி படிப்பாள்,
நாற்பது பக்க நோட்டு, எல்லாம் தமிழ் எழுத்தில்.
ஏதோ ஒரு முதியோர் இல்லத்தில் வேலை.
ஊர்ப் பெயர் இன்னும் என் வாயில் நிற்கவில்லை.

நேகெமீன்: மறுபடி பார்க்கும்வரை.
கூலெமீன்: மறுபடி கேட்கும்வரை, போனில் மட்டும்.
காசிமேட்டில் பிறந்தவன் நான்.
வஞ்சிரம், சங்கரா, காரப்பொடி, கானாங்கெளுத்தி,
இந்த ரெண்டு மீனை யாரும் ஏலம் விட்டுப் பார்த்ததில்லை.
சொன்னேன். சிரித்தாள்.
நோட்டின் ஓரத்தில் ரெண்டையும் வரைந்தாள்,
ஒன்றுக்குப் பெரிய கண்,
மற்றதற்குக் காது.

மீனுக்கு ஏது காது.

தெர்வே என்றால் ஆரோக்கியம்.
நான் ஜன்னலைத் திறந்து
தெருவே! என்று கத்தினேன்.
லாரித் தண்ணிக்குக் குடம் போட்டிருந்த தெரு
ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு
குடத்தை நகர்த்தியது.

கடைசிப் பக்கத்தில் ஒரு சொல்லை
எழுத்தே தெரியாமல் அடித்திருந்தாள்.
இது என்ன?
அது வேணாம்.
சொல்லேன்.
ஹூவாஸ்தி.
இனிமே பார்க்கவே மாட்டோம்னா சொல்றது.
டீச்சரே ஒரு வாட்டிதான் சொன்னாங்க.

போறேன் என்று வாய்தவறிச் சொன்னவனை
வாசலிலிருந்து உள்ளே இழுத்து உட்காரவைத்து
ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து
வர்றேன் என்று சொல்லவைத்து அனுப்புகிற வீடு எங்களுடையது.
பிலோமிக்கு மட்டும் வேறு பழக்கம்.
தையல் பிரித்து வீட்டுக்குக் கிளம்புகிறவரிடம்
வாங்க என்று சொல்லக்கூடாதே.
பார்த்துப் போங்க, என்பாள்.
போங்க, இங்க வராதீங்க.
பதினோரு வருஷமாக அந்த வார்டில்
அதுதான் ஆசீர்வாதம்.

மித்தே கூலூ: என்ன கேட்கிறது?
சௌக்கியமா என்பதை அவர்கள் அப்படி விசாரிப்பார்களாம்.
சாப்பிட்டாச்சா என்று கேட்க மாட்டார்களா?
நோட்டைப் புரட்டிப் பார்த்தாள்.
அது பாடத்தில் இல்லை.

மீனம்பாக்கம்.
அங்கேயும் ஒரு மீன் என்று நினைத்துக்கொண்டேன்.
துப்பாக்கிக்காரர் டிக்கெட்டையும் முகத்தையும்
மாறிமாறிப் பார்த்தார்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிலோமி,
மே மாத வெயிலில் கையில் கம்பளிச் சட்டை.
வர்றேன் என்று உதடு அசைந்தது.

மொய், என்றேன் நான்.

நின்றாள்.
இன்னொன்றுக்காக நின்றாள்.
பின்னால் ஒரு ட்ராலி இடித்தது,
யாரோ நகரச் சொன்னார்கள்,
அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.
ஒன்று எழுதியாகிவிட்டது.
வாங்கினவர்கள் திருப்பிச் செய்யணும்,
அதுதானே முறை.
அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை.
நோட்டு இருந்த பையை ஒரு தடவை தட்டினாள்.

நாலாம் நாள் விடிகாலை மூன்று மணி,
ஐஸ் ஃபாக்டரியில் போன் அடித்தது.
வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கு,
தூக்கமே வரலை, என்றாள்.
பிறகு, பாடம் ஒப்பிக்கிற குரலில்:
மித்தே கூலூ?

நான் பதில் சொல்லவில்லை.
போனை நீட்டிப் பிடித்தேன்,
ரெண்டு ஆள் உயரப் பனிக்கட்டி
மெஷினுக்குள் சரிந்து நொறுங்குகிற பக்கமாக.