பல் தண்டவாளம்

என் வேலை குனிந்து பார்ப்பது.
ரன்னிமேட்டுக்கும் குன்னூருக்கும் இடையில்
இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே ஏறிப்போகும் பல்சட்டத்தை
ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன்.
நூலளவு விலகியிருந்தாலும் தெரிந்துவிடும்.
காலில் அட்டை, கையில் கிரீஸ்,
பதினேழு வருஷம்.

பெனிட்டாவின் யூனிஃபார்ம் பாவாடை
ஒரு பக்கம் இறங்கித் தொங்குகிறதென்று
பெட்ஃபோர்டு தையல்கடையில் சண்டை போட்டதும் நான்தான்.
மூன்று முறை பிரித்துத் தைத்தார்.
மூன்றாம் முறை காசு வாங்கவில்லை.
துணி நேராகத்தான் இருந்திருக்கிறது.

பல் டாக்டரிடம் போனது வேறு காரணத்துக்கு.
சோறு மெல்லும்போது தாடையில் டொக்கென்று ஒரு சத்தம்,
கீழ்வரிசை ஒரு பக்கமாய் ஒதுங்கி
மேல்வரிசையைத் தாண்டி நிற்கிறது,
போட்டோ என்றால் வாயை மூடிக்கொள்கிறாள்.
நஸ்ரீன் டாக்டர் நீலத்தாள் ஒன்றை வைத்து
கடி, என்றார்.
வலது கடைவாயெல்லாம் நீலப் பொட்டு.
இடது பக்கம்
பூட்டிய வீட்டு வாசல் மாதிரி, ஒரு தடமும் இல்லை.

பிறகுதான் சொன்னார்: எழுந்து நில்லும்மா.
ஷூவைக் கழற்று. இரண்டு கையையும் சேர்த்து
கால்விரலைத் தொடுவதுபோலக் குனி.
பல்லுக்கு வந்த இடத்தில் முதுகு எதற்கு
என்று கேட்க வாயெடுத்தேன்.
ஸ்வெட்டருக்கு மேலேயே தெரிந்தது,
வலது விலாப்பக்கம் ஒரு மேடு,
தேயிலைச் சரிவுக்கு அடியில் பாறை கிடப்பதுபோல.

பதிமூன்று வயசு. என் வீட்டில்தான் வளர்ந்தாள்.

கோயம்புத்தூர் எக்ஸ்ரேயில் இருபத்தேழு டிகிரி.
படத்தை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன்.
பர்லியார் பக்கம் ரோட்டை மேலிருந்து பார்த்தால்
இப்படித்தான் இருக்கும்.
லூர்து புத்தகப் பையைக் குற்றம் சொன்னாள்,
போனைச் சொன்னாள், என்னைச் சொன்னாள்,
கடைசியில் சத்தமில்லாமல்
தன்னைச் சொல்லிக்கொண்டாள்.
இதில் எதனாலும் இல்லை என்றார் எலும்பு டாக்டர்.
அப்படிச் சொன்னதும் அவளுக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

பல் முதுகைச் சாய்த்ததா, முதுகு பல்லையா?
நஸ்ரீன் டாக்டரிடம் கேட்டேன்.
தெரியாது, என்றார்.
சில பிள்ளைகளுக்கு ரெண்டும் சேர்ந்தே இருக்கு,
அதனாலதான் குனியச் சொல்லிப் பாக்குறேன்.
பல்லைச் சரிபண்ணினா முதுகு நிமிரும்னு
யாராவது சொன்னா
காசு குடுத்துடாதீங்க.

ஷெட்டில் இப்படி இல்லை.
பல்சக்கரம் சரியாய்க் கவ்வவில்லை என்றால்
தேய்ந்தது சக்கரமா, விலகியது சட்டமா,
இரண்டில் ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான்
ரிஜிஸ்டரை மூடலாம்.
இங்கே அந்தக் கட்டம் காலி.
காலியாகவே வைத்துக்கொண்டு
நாளுக்குப் பதினெட்டு மணி நேரம்
பிளாஸ்டிக் கூட்டை மாட்டுகிறாள்.
பல்லில் க்ளிப்.
மேல கம்பி, கீழ கூண்டு,
நடுவுல நான் எங்கப்பா இருக்கேன்?
சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், வாயை மூடாமல்.

நேற்று ராத்திரி வந்து நின்றாள்.
லைன் பாக்கிற மாதிரி பாத்துச் சொல்லுங்க,
நிமிர்ந்திருக்கா?
ஒரு கண்ணை மூடினேன்.
முடியவில்லை, திறந்துவிட்டேன்.
இந்த மலையில நேரான லைன் எங்கடி இருக்கு
என்று ஆரம்பித்தேன்.
அப்பா, வேணாம், என்றாள்.
சரி, என்றேன்.

க்ளிப் போட்ட பிறகு வர்க்கியைக் கடிக்கக்கூடாது.
டீயில் போட்டு,
அது ஊறி நுனி தொங்கும்வரை காத்திருந்து
ஸ்பூனால் எடுத்து வாயில் வைத்தாள்.
கூடு மேஜை விளிம்பில் இடித்தது.
ஷெட்டில் எஞ்சின் சத்தத்துக்குக்
காது கொடுப்பதுபோல
உட்கார்ந்திருந்தேன்.

டொக்.
இன்னும் இருக்கிறது.

காலையில் ஆறு மணிக்கு டியூட்டி.
போகும் வழியில்
தையல்காரருக்கு மூன்றாம் தடவைக் கூலி.