கயிறு ஒன்பது

ஆடி பிறந்து நாலாம் நாள்
துறைமுகச் சுவருக்குள் தண்ணீர் தணுத்தது.
முந்தின நாள் இருபத்தெட்டரை.
ஐஸ்பெட்டியில் போடுகிற வெப்பமானியைத்தான்
நைலான் நூலில் கட்டி இறக்குகிறேன்.
விடிகாலை எடுத்தால் இருபத்திமூன்று.
பழுதென்று உதறி
மறுபடி இறக்கினேன்.
இருபத்திமூன்று.

கிளீட்டஸ் இடுப்பளவு இறங்கி
பல் கிட்டிக்க ஏறினான்.
"அடிக்கடல் மேல வந்திருக்கு, கேட்டியா?"
கச்சான் காற்று மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போக
வெயில் தெரியாத நீர் எழும்பும் மாதம்.
முட்டத்தில் குளிக்கிறவனுக்கு அது சளி.
என் ஆளிகளுக்குப் பந்தி.

ஆளி வளர்ப்புக்குக் கடன் என்றதும்
வங்கி மேலாளருக்குக் கோயில் தூண் ஞாபகம் வந்தது.
கல்யாளி இல்லை சார், கல்லில் ஒட்டுகிற ஆளி.
கடிக்காதே என்றார்.
கடிக்காது. ஆனால் கையைக் கிழிக்கும் என்று
உள்ளங்கையைக் காட்டினேன்.
கையெழுத்துப் போட்டார்.

பழைய ஓடுகளைத் துளைத்துக் கோத்த
பதினான்கு கயிறு.
கண்ணுக்குத் தெரியாத குஞ்சு
மிதந்து வந்து, தடவிப் பார்த்து,
ஒரே ஒருமுறை ஒட்டும்.
அப்புறம் ஆயுசுக்கும் அந்த முகவரிதான்.
கொட்டலசு தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வரும்,
பதினைந்து நாளுக்கொருமுறை சுரண்ட வேண்டும்.
பாசி வரும், கயிற்றைத் தூக்கி
அரைநாள் வெயிலில் போட வேண்டும்.
வாயை இறுக்கிக்கொண்டு அவை பொறுத்துக்கொள்ளும்,
பாசி பொறுக்காது.
வட்டி மட்டும் வெயிலுக்கும் காயாது.

வைகாசியில் வந்தார் ஓட்டல்காரர் பிஜுலால்.
முட்டை விட்டு ஓய்ந்திருந்தன அப்போது,
உள்ளே கழுவிப் பிழிந்த மல்துணி போல.
ஒன்றை வாயில் போட்டவர்
கைக்குட்டையைத் தேடினார், மரியாதையாக.
"வெறும் உப்புவெள்ளம் அல்லே?"
தண்ணீர் தணுக்கட்டும் என்றேன்.
சாக்கு என்று நினைத்திருப்பார்.
எனக்கும் அப்படித்தான் இருந்தது.

தணுத்தது, சொன்னேனே.
இருபத்தைந்து நாள், பச்சைக் கலங்கலாக
நீவாடு உள்ளே வந்தபடி இருந்தது.
சுவர் முடிகிற வாய்க்கருகே தொங்குவது ஒன்பதாம் கயிறு,
அதற்கே முதல் வாய்.
இழுத்தபோது கனம் கையில் தெரிந்தது.

இரண்டு நாள் சுத்தத் தொட்டியில் போட்டு
மூன்றாம் நாள் மூட்டுவாயில் கத்திமுனை வைத்துத்
திருகினேன்.
சதை ஓட்டை நிறைத்துக் கிடந்தது,
ஓரத்தில் கறுப்புத் தையல்,
நடுவில் தேங்காய்ப்பால் உறைந்த நிறம்.

முதலில் உப்பு. அதை யாரும் சொல்லிவிடலாம்.
பின்னே நாக்கின் ஓரத்தில்
கிணற்று ராட்டின் இரும்பு.
கடிக்க வேண்டும், விழுங்குகிறவர்கள் பயந்தவர்கள்,
கடித்தால் பச்சை முந்திரிப்பருப்பின் பால்.
அதுவும் போனபின்,
மட்டிப்பழக் காம்பில் இருக்குமே ஒரு துவர்ப்பு,
அதுபோல, அதுவல்ல.
கடைசியில் மூக்குக்குள்
யாரோ வெள்ளரிப்பிஞ்சை ஒடித்தார்கள்.

"வேகாததை விழுங்க நான் என்ன கொக்கா?"
என்று ஒரு வருஷமாகச் சொல்லிவந்த எப்ரேசியா
ஒன்று கேட்டாள்.
தின்றாள்.
கொஞ்சநேரம் கடலைப் பார்த்துவிட்டு
"இவ்வளவு நாள் வேகவச்சு எதைக் கொன்னோம்?" என்றாள்.
கிளீட்டஸ் தன்னுடையதில் எலுமிச்சை பிழிந்து
மிளகாய்ப்பொடி தூவி
எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டான்.
நன்றாயிருக்கு என்றும் சொன்னான்.

பிஜுலாலின் செய்தி வந்தது:
அட்டையில் அச்சடிக்க ருசியை இரண்டு வரியில் அனுப்பவும்.
ராட்டு என்று எழுதி அடித்தேன்.
முந்திரி என்று எழுதி அடித்தேன்.
வெள்ளரியை அவர் நம்பமாட்டார்.
'முட்டம். கயிறு ஒன்பது.
ஆடி இருபத்தொன்பது. இருபத்திமூன்று டிகிரி'
என்று அனுப்பினேன்.

"ருசி எவிடே?" என்று பதில் வந்தபோது
கையில் காலி ஓடு.
மிச்சமிருந்த நீரைக் குடித்து
அதன் நடுவில் துளையிட்டுக்கொண்டிருந்தேன்.
பதினைந்தாம் கயிற்றுக்கு
இன்னும் அறுபது வேண்டும்.